செப்டம்பரில் விட்பி: கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போங்கள்

அம்மா முதல்முறை இங்கிலாந்து வந்தபோது விட்பிக்குக் கூட்டிப்போனேன். பேருந்து நிலையத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் துறைமுகம். எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கட்டியிருந்த கயிறு தொய்ந்து, பாசி ஏறி, தரையில் கிடந்தது. ஒரு கடற்காகம் படகின் அடிப்பக்கத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

“கடல் எங்கடா போச்சு?”

“வந்துரும்மா. அஞ்சு மணிக்கு.”

“கடலுக்கும் டைம் டேபிளா?”

அம்மாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கொஞ்சம் உள்வாங்கினாலே நம் ஊரில் அது செய்தி. மறுநாள் பேப்பரில் படம் வரும். நம் கடற்கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டரைச் சுற்றித்தான் வித்தியாசம். மெரினாவில் காலையில் விரித்த துண்டு மாலையிலும் ஏறக்குறைய அங்கேயே கிடக்கும். விட்பியில் பெரிய ஏற்ற நாட்களில் அது ஐந்து மீட்டரை நெருங்குகிறது. காலையில் நீங்கள் நடந்த மணலுக்கு மேலே மாலையில் ஒரு மாடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் விட்பியில் மீதி எல்லாம் சுலபம். இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து, முதல்முறையாக ஒரு கடற்கரை ஊருக்குப் போக நினைக்கும் நம்மவர்களுக்காக, எது எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன். விட்பி வட யார்க்ஷயரில், எஸ்க் ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஆற்றுக்கு இருபுறமும் செங்குத்தாக ஏறும் ஊர்.

ஏன் செப்டம்பர்?

இங்கே பள்ளிகள் செப்டம்பர் முதல் வாரத்தில் திறந்துவிடும். ஆகஸ்டில் குழந்தைகளோடு வந்து குவிந்த கூட்டம் ஒரே வாரத்தில் காணாமல் போகும். அறை வாடகை இறங்கும். மீன் கடை வரிசை சுருங்கும்.

கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும் என்பதால், ஆண்டிலேயே தண்ணீர் ஓரளவு வெதுவெதுப்பாக இருப்பது ஆகஸ்டும் செப்டம்பரும்தான். வெதுவெதுப்பு என்றதும் ஏமாந்துவிடாதீர்கள், பதினான்கு டிகிரிதான். நம் ஊர் ஃபிரிட்ஜ் தண்ணீருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். மாதத் தொடக்கத்தில் எட்டு மணிவாக்கில் அஸ்தமனம், கடைசியில் ஏழுக்கு முன்பே இருட்டிவிடும். எனவே முதல் இரண்டு வாரம் போனால் மாலை நீளமாகக் கிடைக்கும்.

படிக்க வந்த மாணவர்களுக்கு இன்னொரு வசதி. வகுப்புகள் சூடுபிடிப்பதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு கையில் இருக்கும். அதை அறைக்குத் தலையணை வாங்கி அலைவதிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

முதல் வேலை: தினக்காலண்டரைக் கிழிக்காமல் பாருங்கள்

விமானத்தில் வரும்போது பெட்டியில் ஒரு தமிழ் தினக்காலண்டர் வைத்திருப்பீர்கள், இல்லையென்றால் கைபேசியில் செயலி இருக்கும். அமாவாசை, பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். அவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். அஷ்டமி வாக்கில் இரண்டுமே அடக்கமாக இருக்கும். செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டிப் பகலும் இரவும் சமமாகும் காலத்தில் வரும் அமாவாசை, பௌர்ணமிகளில் வித்தியாசம் ஆண்டிலேயே பெரியதாக இருக்கும்.

மணலில் நடக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும் என்றால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். விட்பியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் பெரும்பாலும் முற்பகலிலிருந்து நண்பகலுக்குள் வருகிறது. காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் போகலாம். அஷ்டமி வாக்கில் போனால் வற்றம் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்குமாக விழுந்து, நடுப்பகலில் கடல் ஏறி நிற்கும்.

சரியான நேரத்துக்கு ஊரின் பெயரோடு வெளியாகும் ஏற்றவற்றப் பட்டியலைப் பார்க்க வேண்டும். இணையத்தில் இருக்கிறது, ஊரில் சிறு புத்தகமாகவும் விற்கிறார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: சில பட்டியல்கள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கே கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பட்டியலில் பத்து என்று இருந்தால் உங்கள் கைக்கடிகாரத்தில் பதினொன்று. எந்த நேரத்தில் அச்சடித்திருக்கிறார்கள் என்று பக்கத்தின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அதனால் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பார்த்த நேரத்தை இன்றைக்கு நம்பாதீர்கள்.

போய்ச் சேர்வது

லீட்ஸ், யார்க் பக்கம் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை கோஸ்ட்லைனர் 840 பேருந்து. லீட்ஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ரயிலே பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் பிக்கரிங் ஊரைத் தாண்டியதும் பேருந்து மேட்டு நிலத்தில் ஏறும். அதன் மேல்மாடியில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் டிக்கெட் காசு அங்கேயே தீர்ந்துவிடும். ஹெதர் என்னும் குத்துச்செடி ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பூத்து, குன்றுகள் முழுக்க ஊதா நிறமாகக் கிடக்கும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், அதனால் திரும்பி வரும் கடைசி வண்டியின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு என்ற உச்சவரம்பு 2025 ஜனவரியில் வந்தது. நீங்கள் போகும்போது அது நீடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் என்றால் மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாக ஒன்றரை மணி நேரம். அழகான பாதை, ஆனால் அதிலும் வண்டி குறைவு. லண்டனிலிருந்து வருபவர்கள் யார்க் வரை ரயிலில் வந்து பேருந்து பிடிக்கலாம், அல்லது ஸ்காபரோ வரை போய் எக்ஸ்93 பேருந்தில் ஒரு மணி நேரம் பயணிக்கலாம். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கார்க்காரர்களுக்கு ஒன்று: ஊரின் தெருக்கள் மாட்டுவண்டி காலத்து அகலம். வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் உள்ளே வரும் ஏற்பாடு உங்கள் தேதியில் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

அறை

வார இறுதியில் பல இடங்களில் இரண்டு இரவுக்குக் குறைந்து தர மாட்டார்கள். ஞாயிறு இரவு தங்கித் திங்கள் கிளம்பினால் விலையும் குறையும், வேண்டிய அறையும் கிடைக்கும். ஆற்றின் கிழக்குக் கரைதான் பழைய ஊர். வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்பது போலிருக்கும். பார்க்க அழகு, இருபது கிலோ பெட்டியோடு போனால் அழகு குறையும். மூட்டுவலிக்காரர்கள் கூட இருந்தால் மேற்குக் குன்றில் இருக்கும் விக்டோரியா காலத்து வீடுகளில் அறை பாருங்கள். அங்கேயும் லிஃப்ட் இருக்காது, எந்த மாடி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓர் இடத்தில் எனக்குக் கடல் தெரியும் அறை என்று தந்தது நான்காம் மாடிப் பரண். குளியலறைக் கூரையின் சாய்வுக் கண்ணாடி வழியாக, தொட்டிமேல் ஏறி நின்றால் கடல் தெரிந்தது. பொய் சொல்லவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

காலைச் சாப்பாட்டோடு சேர்ந்த அறை என்றால், சைவம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வழக்கமான தட்டில் பன்றித் தொத்திறைச்சியும், ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங்கும் இருக்கும்.

பையில் என்ன?

பகலில் பதினாறு, பதினேழு டிகிரி என்று கைபேசி காட்டும். அது காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத கணக்கு. தண்ணீர் புகாத, தொப்பி வைத்த ஜாக்கெட் ஒன்று, உள்ளே மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று. குடை வேண்டாம், விட்பிக் காற்றில் குடை பிடித்தால் குடைதான் நம்மைப் பிடித்து இழுக்கும். வழுக்காத காலணி கட்டாயம். மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடி சாக்ஸ். சில நாள் திடீரென்று கடலிலிருந்து மூடுபனி ஏறி எதிர்க்கரையையே மறைத்துவிடும், உள்ளூரில் அதற்கு ‘ஃப்ரெட்’ என்று பெயர். ஓர் அரை மைல் உள்ளே போனால் வெயிலடித்துக்கொண்டிருக்கும். பயணத்தை ரத்து செய்யாதீர்கள், டீ குடித்துக் காத்திருங்கள்.

முதல் மாலை: பாலமும் பாதையும்

பெட்டியை வைத்ததும் நேரே ஆற்றின் நடுவிலுள்ள பாலத்துக்குப் போங்கள். நூறாண்டுக்கும் மேல் பழைய இந்தப் பாலம் படகு வரும்போது கதவு போல இரண்டாகத் திரும்பி வழிவிடும். நீர் ஏறியிருக்கும் நேரத்தை ஒட்டித்தான் திறப்பார்கள், வற்றிய நேரத்தில் நின்றால் ஒன்றும் நடக்காது. மணியடித்து, கேட் மூடி, இருபுறமும் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்க்க ஒரு சின்னப் பாய்மரப் படகு அலட்சியமாகக் கடந்து போகும். நம் ஊர் லெவல் கிராஸிங்கில் நிற்கும் அதே முகங்கள்தான், யாரும் கேட்டுக்கு அடியில் குனிந்து போகவில்லை என்பதைத் தவிர.

அப்புறம் மேற்குக் கரையோடு நடந்து கடலுக்குள் நீளும் கல் பாதையின் முனை வரை போய்வாருங்கள். அலை கல்லில் மோதி மேலே தெறிக்கும் நாளில் முனைக்குப் போகக் கூடாது. திரும்பும்போது மேற்குக் குன்றில் ஏறினால் திமிங்கில எலும்பு வளைவு. முதல் வளைவு 1853-இல் வைத்தது. இப்போது நிற்பது அலாஸ்காவிலிருந்து வந்த எலும்பு, 2003-இல் மாற்றியது. இந்த ஊரிலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கப்பல்கள் போன காலத்தின் நினைவு அது. வளைவுக்குள் நின்று பார்த்தால் எதிர்க்குன்றில் மடாலயத்தின் இடிந்த சுவர் சட்டம் போட்ட படம் போலத் தெரியும். எல்லோரும் அங்கேதான் படமெடுப்பார்கள், நீங்களும் எடுத்துவிட்டு நகருங்கள். பக்கத்திலேயே கேப்டன் ஜேம்ஸ் குக் சிலை.

குக் 1746-இல் இந்த ஊரில்தான் கப்பல் தொழில் பழகச் சேர்ந்தார். அவர் உலகைச் சுற்றிய ‘எண்டெவர்’ கப்பல் 1764-இல் இங்கே கட்டிய நிலக்கரிக் கப்பல். போர்க்கப்பலை விட்டு ஏன் நிலக்கரிக் கப்பல்? வற்றும் நேரத்தில் மணலிலேயே உட்கார வேண்டுமென்று விட்பித் தச்சர்கள் அதன் அடியைத் தட்டையாகக் கட்டினார்கள். 1770-இல் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறையில் மோதி ஓட்டை விழுந்தபோது அந்தத் தட்டை அடிதான் காப்பாற்றியது. கரையில் ஏற்றி உட்கார வைத்து அடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் துறைமுகச் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். அவர் தங்கியிருந்த வீடு கிரேப் லேனில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

படி ஏறுவது

காலை ஒன்பதுக்குள் கிழக்குக் கரைக்குப் போய்விடுங்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில், ரத்தக்காட்டேரிப் பொம்மை விற்கும் கடைகளைக் கடந்து போனால் தெருமுனையில் 199 படிகள். எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். பத்துப் படிக்கொன்றாக ரோமன் எண் பொறித்த சின்ன வட்டத் தகடு பதித்திருப்பதால் கள்ளக்கணக்குச் சொல்ல முடியாது.

நடுவே அங்கங்கே அகலமான மேடைகள், அவற்றில் மரப்பலகை. உட்கார்ந்து மூச்சு வாங்க வசதியாக இருக்கும். ஆனால் அவை முதலில் ஆட்களுக்காகப் போட்டவை அல்ல. மேலே தேவாலயக் கல்லறைக்குச் சவப்பெட்டி சுமந்துபோனவர்கள் பாரத்தை இறக்கி வைத்து ஆற போட்டவை. இதைச் சொன்னதும் அம்மா சட்டென்று எழுந்து, “நம்ம ஊர் சுமைதாங்கிக் கல்லு” என்றார். அதேதான். அப்புறம் மிச்சப் படிகளை உட்காராமல் ஏறி முடித்தார்.

மேலே புனித மேரி தேவாலயம். அதைத் தாண்டினால் மடாலயம். கட்டணம் உண்டு. 657-இல் ஹில்டா என்ற துறவி தலைமையில் தொடங்கிய மடம் இது. இன்று நிற்கும் சுவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து எழுந்தவை. 1539-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மூடினார்கள், 1830-இல் நடுக்கோபுரம் விழுந்தது, 1914 டிசம்பரில் ஜெர்மானியக் கப்பல்கள் சுட்டதில் மேற்கு முகப்பு அடிபட்டது. கூரையில்லாத சாளரங்கள் வழியாக வானம் தெரியும்.

664-இல் இங்கே ஒரு பெரிய சபை கூடியது. எதற்கு? ஈஸ்டர் தேதி குறிப்பதற்கு. ஈஸ்டரைப் பௌர்ணமியை வைத்துக் கணக்கிட வேண்டும். அயர்லாந்து வழிவந்த துறவிகளுக்கு ஒரு கணக்கு, ரோமாபுரிக்கு ஒரு கணக்கு. நார்த்தம்பிரியா அரசர் ஆஸ்வியு முதல் கட்சி, அரசி இரண்டாம் கட்சி. அரண்மனையில் ராஜா விரதம் முடித்து ஈஸ்டர் விருந்து சாப்பிடும் நாளில் ராணி இன்னும் விரதத்தில் இருப்பார். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில், சொர்க்கத்தின் சாவி பேதுருவிடம் இருக்கிறது, அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அரசர் ரோமாபுரிப் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

கல் பொறுக்குவது

எனக்கு விட்பி என்றால் இதுதான். ஹில்டா இந்த மேட்டிலிருந்த பாம்புகளையெல்லாம் கல்லாக்கிக் கீழே தள்ளினார் என்று ஒரு கதை. அந்தப் ‘பாம்புகள்’ உண்மையில் அம்மோனைட்டுகள். பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலில் வாழ்ந்து, சுருண்ட ஓட்டோடு கல்லாகிப்போன உயிர்கள். அவற்றில் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் ஹில்டோசெராஸ் என்று அந்தத் துறவியின் பெயரையே வைத்துவிட்டார்கள். கதையை நம்ப வைக்க, பழைய வியாபாரிகள் சுருளின் முனையில் பாம்புத் தலை செதுக்கி விற்றதும் உண்டு.

நம் வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமமும் இதே உயிர்தான், கண்டகி ஆற்றில் உருண்டு வந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் அம்மோனைட் கிடைக்கிறது. ஒரே சுருளை அங்கே பெருமாளின் சக்கரம் என்றார்கள், இங்கே பாம்பு என்றார்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது இரண்டுமே சரி என்றுதான் தோன்றுகிறது.

எங்கே தேடுவது? மேற்குக் கரையிலிருந்து சான்ட்ஸெண்ட் வரை ஏறக்குறைய மூன்று மைல் மணல். புதியவர்களுக்கு அதுதான் ஏற்றது. விட்பி முனையில் மேலே ஏறப் படிகளும் சரிவுகளும் உண்டு, சான்ட்ஸெண்டிலிருந்து பேருந்திலும் திரும்பலாம். கிழக்கே சால்ட்விக் பக்கம் கல் அதிகம், ஆபத்தும் அதிகம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஏறிவரும் கடல், நடுவில் ஏறித் தப்ப வழியில்லை.

அங்கேதான் நான் ஒரு பாடம் படித்தேன். பட்டியலில் வற்றம் 11.40 என்று இருந்தது. “11.40-க்குத்தானே முழுசா வத்துது, அப்ப போனால் சரியாக இருக்கும்” என்று நண்பர்கள் இருவரோடு பதினொன்றரைக்குக் கிளம்பினேன். குனிந்த தலை நிமிராமல் ஒன்றரை மணி நேரம் பொறுக்கினோம். நிமிர்ந்தபோது வந்த வழியில் ஒரு திருப்பத்தில் தண்ணீர் பாறையடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. முழங்கால் நீரில் காலணியோடு கடந்து வந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முழங்காலோடு நின்றிருக்காது. வற்றம் 11.40 என்றால் அது திரும்ப வேண்டிய நேரம். பத்துக்கே, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, போயிருக்க வேண்டும்.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். அடுத்து இரண்டு பங்கு. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மும்மூன்று பங்கு. ஐந்து மீட்டர் ஏற வேண்டிய நாளில் அந்த நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் இரண்டரை மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். முதல் மணி நேரத்து மந்தத்தைப் பார்த்து ஏமாறுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மாட்டிக்கொண்டால் அவசர உதவி எண் 999-ஐ அழைத்து, கோஸ்ட்கார்டு, அதாவது கடலோர மீட்புப் படை, வேண்டும் என்று கேளுங்கள். பாறையில் ஏற முயலாதீர்கள், அது கையோடு உதிர்ந்து வரும் மண்பாறை.

அதே காரணத்தால் பாறையடியில் நிற்கவும் கூடாது. சுத்தியலை வீட்டில் வையுங்கள். கடல் ஏற்கெனவே உடைத்துப்போட்ட கூழாங்கற்களுக்கு நடுவே, சாம்பல் நிற உருண்டையில் ஓரமாக வரி வரியாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். கறுப்பாக, எடையே இல்லாமல், தொட்டால் கல்லின் சில்லிப்பு இல்லாமல் ஏதாவது கிடைத்தால் அது ஜெட்டாக இருக்கலாம். ஊசியிலை மர வகை ஒன்றின் கட்டை கடலடியில் அமுங்கி மாறியது அது. தரை டைல் ஒன்றின் மெருகிடாத பின்பக்கத்தில் அதைத் தேய்த்தால் பழுப்புக் கோடு விழுந்தால் ஜெட், கறுப்பு விழுந்தால் நிலக்கரி. 1861-இல் கணவர் இறந்தபின் விக்டோரியா ராணி துக்க நகையாக ஜெட் அணிந்ததில் இந்த ஊருக்கு ஒரு காலம் நல்ல வருமானம். சர்ச் ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கும்போது, விட்பி ஜெட்டா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்; கறுப்புக் கண்ணாடியும் அதே பளபளப்பில்தான் இருக்கும்.

குளிப்பது பற்றி இரண்டு வரி. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே, உயிர்காப்பாளர் இருக்கும்போது மட்டும். செப்டம்பரில் அவர்கள் எதுவரை இருப்பார்கள் என்று கரையில் உள்ள பலகையில் பாருங்கள். சில்லென்ற நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு முட்டும், நீச்சல் தெரிந்தவர்களுக்கும்தான். எனக்குக் கணுக்கால் போதும்.

சாப்பாடு

மீனும் சிப்ஸும்தான், வேறென்ன. யார்க்ஷயரில் காட் மீனைவிட ஹேடக்தான் கேட்பார்கள். ஆனால் வரிசையில் நிற்கும் முன் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்: இந்தப் பக்கம் பல கடைகளில் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில். மீன் மட்டுமல்ல, உருளைக்கிழங்கும் அதே சட்டியில். சைவம் என்று நினைத்துச் சிப்ஸ் மட்டும் வாங்கிச் சாப்பிட்ட எத்தனையோ பேரைத் தெரியும். “எதில் பொரிக்கிறீர்கள்?” என்று கேளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தினமும் கேட்கும் கேள்விதான். தாவர எண்ணெய்க் கடைகளும் இருக்கின்றன. உப்பும் வினிகரும் போடவா என்பார்கள், போடச் சொல்லுங்கள். கூடவே ஸ்கிராப்ஸ் கேளுங்கள்: சட்டியில் உதிர்ந்த மாவுத் தூள். பஜ்ஜி சுட்ட எண்ணெயில் மிஞ்சும் பொரிகளுக்கு அடித்துக்கொண்ட தலைமுறைக்கு அது புரியும்.

வாங்கியதும் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று சாப்பிடுங்கள். கடற்காகம் எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். அம்மா கையிலிருந்த முழுத் துண்டையும் ஒரே வீச்சில் கொண்டுபோய்விட்டது. சிறகு கன்னத்தில் பட்ட சத்தம் மட்டும்தான் கேட்டது. “காக்காய்க்கு வச்சதா இருக்கட்டும்” என்று தேற்றிக்கொண்டார், அன்றைக்குத் தற்செயலாக அமாவாசையும்கூட.

இன்னொரு நாள் இருந்தால்

ராபின் ஹூட்ஸ் பேவுக்கு நடந்து போங்கள். மடாலயத்தின் பின்னாலிருந்து பாறைமேலேயே போகும் பாதை, ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர், ஏறி இறங்கி நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம். திரும்ப எக்ஸ்93 பேருந்து. அவ்வளவு ஏற்ற இறக்கம் வேண்டாம் என்றால் 1965-இல் மூடிய பழைய ரயில் தடத்தில் நடக்கலாம், இப்போது அது நடைபாதை. செப்டம்பரில் வேலியோரம் முழுக்கப் பிளாக்பெர்ரி பழுத்துக் கறுத்திருக்கும். நன்றாகக் கறுத்ததை மட்டும், நாய்கள் எட்டாத உயரத்திலிருந்து பறியுங்கள். கையில் முள் கீறும், சட்டையில் பட்டால் நாவற்பழக் கறை மாதிரிப் போகாது.

நடக்க முடியாதவர்களுக்குப் படகு இருக்கிறது. துறைமுகத்திலிருந்து அரை மணி நேரச் சுற்று. மிங்கித் திமிங்கிலம் பார்க்க நீண்ட பயணமும் இந்த மாதங்களில் போகிறது, ஆனால் திமிங்கிலம் வருவது திமிங்கிலத்தின் இஷ்டம். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கிளம்பும் காலை

199 படிகளின் அடியில் இடப்பக்கம் திரும்பினால் ஹென்ரியெட்டா தெரு. அதில் 1872-இல் தொடங்கிய ஃபார்ச்சூன்ஸ் புகைக்கூடம். ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்பு நீரில் ஊறவைத்து, மரப்புகையில் தொங்கவிட்டுச் செய்யும் கிப்பர் இங்கே கிடைக்கும். சுவர் உள்ளே தாரைப் பூசியது போலக் கறுத்திருக்கும். கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் அவ்வளவு காய்ந்தது அல்ல, உள்ளே எண்ணெய்ப் பதம் இருக்கும். வீட்டுக்கு வாங்கிப் போவதென்றால் மூன்று பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல என்றாலும், தவிர்க்கலாம்.

வாடகை வீட்டில் அதை வாணலியில் போட்டு வறுக்காதீர்கள். புகையலாரம் அடிக்கும், வாரம் முழுக்கத் திரைச்சீலையில் வாசனை நிற்கும். உள்ளூர்க்காரர்கள் செய்வது போல உயரமான ஜாடியில் மீனை வால் மேலே இருக்கும்படி நிறுத்தி, கொதிக்கும் தண்ணீரை முழுக ஊற்றி, மூடி, ஐந்தாறு நிமிடம் கழித்து எடுங்கள். சுடுசோறு, தெளிவாக ஒரு மிளகு ரசம், பக்கத்தில் இந்த மீன். அம்மா ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இரண்டு எடுத்துப்போகலாமா என்று கேட்டார்.